அமெரிக்கா ரயில் போட்ட கதை: நிலம் யாருக்கு, குண்டு யாருக்கு

1880கள்ல அமெரிக்காவுல கூட்ஸ் வண்டியில ரெண்டு பெட்டியை ஒண்ணா மாட்டுறது எப்படின்னு முதல்ல சொல்லிடறேன், அது புரிஞ்சா மீதி கதை தானா புரியும். ஒவ்வொரு பெட்டி முனையிலயும் வாய் மாதிரி ஒரு இரும்புப் பொந்து இருக்கும். ஒரு பெட்டியோட வாயில நீளவாக்குல ஒரு இரும்பு வளையம் தொங்கும், அந்த வளையம் அடுத்த பெட்டியோட வாய்க்குள்ள போகணும், போனதும் மேல இருந்து ஒரு ஆணியைப் போட்டு பூட்டணும். வளையம் தானா போகாது, தொங்கிட்டுதான் இருக்கும், அதனால பிரேக்மேன் ரெண்டு பெட்டிக்கும் நடுவுல தண்டவாளத்துல நின்னு, எதிர்ல இருந்து டன் கணக்குல வெயிட்டோட பெட்டி உருண்டு வர்றப்போ, கையால வளையத்தைத் தூக்கிப் பிடிச்சு சரியா வாய்க்குள்ள விட்டுட்டு கையை வெளிய எடுத்துடணும். ஒரு நொடி லேட்டானா விரல் போச்சு. கால் தண்டவாள இடுக்குல மாட்டுச்சுன்னா ஆளே போச்சு. வேலை கேட்டு வர்ற ஆளோட கையைப் பார்ப்பாங்களாம், ரெண்டு விரல் இல்லைன்னா அனுபவசாலின்னு அர்த்தமாம்.

இதோட முடியல. வண்டியை நிறுத்தணும்னா அதே பிரேக்மேன் பெட்டி கூரை மேல ஏறி ஓடி, பெட்டி பெட்டியா தாண்டி, ஒவ்வொண்ணுலயும் இருக்கிற சக்கரத்தை கையால சுத்தணும். பனி உறைஞ்ச ராத்திரியில, ஓடுற வண்டியோட கூரையில.

1889ல அரசாங்கம் எடுத்த கணக்குப்படி ஒரே வருஷத்துல ரயில்வே தொழிலாளிங்க கிட்டத்தட்ட 2,000 பேர் செத்தாங்க, 20,000 பேருக்கு காயம். அந்த வருஷம் ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் காங்கிரஸுக்கு (அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு) அனுப்பின அறிக்கையில, பிரேக்மேனோட உயிருக்கு இருக்கிற ஆபத்து போர்க்களத்துல நிக்கிற சிப்பாய்க்கு இருக்கிற ஆபத்துக்கு சமம்னு எழுதினார்.

வயித்தெரிச்சல் என்னன்னா இதுக்கு வழி ஏற்கனவே கையில இருந்துச்சு. ரெண்டு கை விரல்களை மடக்கி கோத்த மாதிரி, பெட்டி வந்து இடிச்சதும் தானா மாட்டிக்கிற கப்ளிங்கை ஈலை ஜேன்னின்னு வர்ஜீனியாவுல ஜவுளிக் கடையில குமாஸ்தாவா இருந்தவர் 1873லயே பேட்டன்ட் வாங்கிட்டார். டிரைவர் இருந்த இடத்துலயே எல்லா பெட்டிக்கும் பிரேக் போடற ஏர் பிரேக்குக்கு ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869லயே பேட்டன்ட் வாங்கியாச்சு. அப்புறம் ஏன் 20 வருஷம் விரல் போயிட்டே இருந்துச்சு? லட்சக்கணக்கான கூட்ஸ் பெட்டியில மாத்தறதுன்னா கம்பெனிக்கு செலவு, ஆள் போனா செலவே இல்ல, வேற ஆள் கேட் வாசல்லயே நிப்பான்.

நஷ்டஈடு கேட்டு கோர்ட்டுக்குப் போகலாமேன்னா அந்தக் கதவையும் 1842லயே சாத்தியாச்சு. நிக்கோலஸ் ஃபார்வெல்னு ஒரு ரயில் டிரைவர், பாயின்ட் மாத்துறவர் பண்ண தப்பால வண்டி கவுந்து அவரோட கை போயிடுச்சு. மாசசூசெட்ஸ் கோர்ட்டுல தலைமை நீதிபதி லெமுவல் ஷா சொன்ன தீர்ப்பு என்னன்னா, ஆபத்து தெரிஞ்சுதான் நீ வேலைக்கு வந்த, அதுக்கும் சேர்த்துதான் சம்பளம், தப்பு பண்ணது உன் கூட வேலை பார்க்கிறவன், முதலாளி பொறுப்பு இல்ல. இந்தத் தீர்ப்பை மத்த மாநில கோர்ட்டுகளும் பிடிச்சுக்கிட்டு பல வருஷம் ஓட்டினாங்க.

இதை எல்லாம் சொன்னா உடனே ஒரு பதில் வரும், அந்தக் காலத்துல அமெரிக்க அரசாங்கம் வியாபாரத்துல தலையிடவே இல்ல, அதனாலதான் நாடு அப்படி வளர்ந்துச்சுன்னு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன். ரயில்வே வரலாறைப் படிக்க ஆரம்பிச்சப்புறம்தான் அது பாதி உண்மைகூட இல்லன்னு புரிஞ்சுது. அரசாங்கம் தலையிட்டுச்சு, நல்லாவே தலையிட்டுச்சு, ஆனா யாருக்காகன்றதுதான் விஷயம்.

1862 ஜூலை 1, உள்நாட்டுப் போர் நடந்துட்டு இருக்கு, அந்த நேரத்துலதான் லிங்கன் பசிபிக் ரயில்வே சட்டத்துல கையெழுத்துப் போடறார். கிழக்குல ஒமாஹாவுல இருந்து யூனியன் பசிபிக், மேற்குல சாக்ரமென்டோவுல இருந்து சென்ட்ரல் பசிபிக், ரெண்டும் எதிரெதிரா தண்டவாளம் போட்டுட்டு வரணும். போடற ஒவ்வொரு மைலுக்கும் தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் செஸ் போர்டு கட்டம் மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணு நிலம், மைலுக்கு 10 சதுர மைல், 1864ல அதை 20 ஆக்கினாங்க. அது போக மைலுக்கு சமவெளியில 16,000 டாலர், மலையில 48,000 டாலர்னு அரசாங்க கடன் பத்திரம். இந்த மாதிரி மத்திய அரசு மொத்தமா ரயில் கம்பெனிகளுக்குக் குடுத்த நிலம் சுமார் 13 கோடி ஏக்கர், கிட்டத்தட்ட பிரான்ஸ் நாடு அளவு. யூனியன் பசிபிக் முதலாளிங்க தங்களுக்குள்ளயே ஒரு கட்டுமான கம்பெனியை ஆரம்பிச்சு, பில்லை ஏத்திப் போட்டு, எதிர்ப்பு வராம இருக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கே பங்கு வித்தது 1872ல வெளிய வந்து நாறுச்சு.

அந்த நிலம் யாரோடது? லகோட்டா, செயென், பாவ்னி மாதிரி பூர்வகுடிகள் வாழ்ந்த, வேட்டையாடின நிலம். ரயில் வந்தப்புறம் தோல் வேட்டைக்காரங்க காட்டெருமையை சுட்டு சுட்டு தோலை வண்டியில ஏத்தி கிழக்க அனுப்பினாங்க, கோடிக்கணக்குல இருந்த மிருகம் 1880கள் முடியறப்போ சில நூறுன்னு ஆயிடுச்சு. அந்த மிருகத்தை நம்பி இருந்த ஜனங்களுக்கு சாப்பாடும் இல்ல, கூடாரத்துக்குத் தோலும் இல்ல. 1887ல டாஸ் சட்டம்னு ஒண்ணு போட்டு, பொதுவுல இருந்த நிலத்தை ஆளுக்கு இவ்வளவுன்னு பிரிச்சுக் குடுத்துட்டு மிச்சத்தை வெள்ளைக்காரங்களுக்குத் திறந்து விட்டாங்க, அப்போ அவங்க கையில இருந்த 13.8 கோடி ஏக்கர் 1934ல 4.8 கோடி ஆயிடுச்சு. 1890 டிசம்பர் 29, வூண்டட் நீன்ற இடத்துல ராணுவம் லகோட்டா ஜனங்களைச் சுட்டுக் கொன்ன படுகொலை. இது ஒவ்வொண்ணும் தனித்தனி கட்டுரைக்கான விஷயம், இங்க ரயிலோட போறேன்.

தண்டவாளம் போட ஆள் வேணுமே. சென்ட்ரல் பசிபிக்குக்கு கலிபோர்னியாவுல ஆள் கிடைக்கல, வந்தவங்களும் பாதி பேர் வெள்ளிச் சுரங்கம் பக்கம் ஓடிட்டாங்க. 1865 ஆரம்பத்துல கம்பெனி முதலாளிங்கள்ல ஒருத்தரான சார்லஸ் க்ரோக்கர் சீனர்களை எடுத்துப் பார்க்கலாம்னார், வேலையை மேற்பார்வை பார்த்த ஸ்ட்ரோபிரிட்ஜ் இவங்க ஒல்லியா இருக்காங்க, மலை வேலைக்கு ஆகாதுன்னு முரண்டு பிடிச்சார். சரின்னு 50 பேரை வெச்சுப் பார்த்தாங்க. ரெண்டு வருஷத்துல பத்தாயிரத்துக்கும் மேல, மொத்த ஆளுங்கள்ல பத்துக்கு ஒன்பது பேர் சீனர்கள்.

சியரா நெவாடா மலை உச்சியில போட்ட சம்மிட் டனல் 1,659 அடி, முழுக்க கருங்கல் பாறை. ஒருத்தன் உளியைப் பிடிக்க ரெண்டு பேர் சம்மட்டியால அடிச்சு துளை போடணும், அதுல மருந்து நிரப்பி வெடிக்கணும், முழு நாள் உழைச்சாலும் ஒரு முகப்புல ஒரு அடி நகர்ந்தா பெருசு. வெடிமருந்து போதலன்னு நைட்ரோகிளிசரின் வந்துச்சு, அது எப்ப வெடிக்கும்னு யாருக்கும் தெரியாது. 1866-67 பனிக்காலத்துல 44 புயல். பனிக்கு அடியிலயே சுரங்கம் தோண்டி அதுக்குள்ளயே தூங்கி எழுந்து வேலைக்குப் போனாங்க, பனிச்சரிவுல போனவங்க உடம்பு சில சமயம் வசந்த காலத்துல பனி உருகினப்புறம்தான் கிடைச்சுது. எத்தனை பேர் செத்தாங்கன்னு கம்பெனி எழுதி வைக்கல. சம்பளப் பட்டியல்ல பெரும்பாலும் கோஷ்டித் தலைவன் பேர் மட்டும்தான் இருக்கும், அவனுக்குக் கீழ இருக்கிறவங்க வெறும் எண்ணிக்கை.

வெள்ளைக்கார கூலிக்கு மாசம் 35 டாலர், அது போக சாப்பாடும் தங்க இடமும் கம்பெனி செலவு. சீனருக்கு 31 டாலர், சாப்பாடு சொந்தச் செலவு. 1867 வசந்தத்துல அதை 35 ஆக்கினாங்க. அந்த ஜூன் மாசம் மலை நெடுக ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளிங்க ஒரே நாள்ல கருவியைக் கீழ வெச்சாங்க. 40 டாலர் குடு, வெளி வேலைக்கு 10 மணி நேரம், டனல் வேலைக்கு 8 மணி நேரம்னு கேட்டாங்க. அடிதடி இல்ல, குடி இல்ல, வேலை நடந்த இடமெல்லாம் ஞாயித்துக்கிழமை மாதிரி இருந்துச்சுன்னு க்ரோக்கரே பின்னாடி சாட்சி சொல்லியிருக்கார். அவர் பண்ணது என்ன தெரியுமா, மேல போற அரிசி, மளிகை எல்லாத்தையும் நிறுத்திட்டார். மலை மேல மாட்டிட்டு இருக்கிறவன் சாப்பாட்டுக்கு எங்க போவான், ஒரு வாரத்துல வேலைநிறுத்தம் முடிஞ்சுது. இதே சமயத்துல முதலாளிங்களுக்குள்ள போன லெட்டர்ல ஒரு யோசனை ஓடுது, சீனர்களை வெச்சு ஐரிஷ்கார கூலிங்களை அடக்கி வெச்ச மாதிரி, அடிமைத்தனத்துல இருந்து விடுதலையான கறுப்பினத்தவரைக் கொண்டு வந்து சீனர்களை அடக்கலாமேன்னு. இந்த ஒரு வரியை மறந்துடாதீங்க, கடைசி வரைக்கும் இதுதான் வருது.

1869 மே 10, யூட்டாவுல பிரமொன்டரி உச்சியில ரெண்டு தண்டவாளமும் சேர்ந்துச்சு, தங்க ஆணி அடிச்சாங்க, முடிஞ்சுதுன்னு தந்தி நாடு முழுக்க பறந்துச்சு. ரெண்டு எஞ்சினும் முகத்துக்கு முகம் நிக்க, கூட்டம் ஏறி நின்னு பாட்டில் நீட்டுற அந்த போட்டோவைப் பலரும் பார்த்திருப்பீங்க. நான் அதைப் பெருசு பண்ணிப் பண்ணி ஒவ்வொரு முகமா தேடிப் பார்த்திருக்கேன். மலையைக் குடைஞ்சவங்க முகம் எனக்குக் கிடைக்கல. 13 வருஷம் கழிச்சு 1882ல சீனக் கூலிங்க நாட்டுக்குள்ளயே வரக்கூடாதுன்னு சட்டம், அது 1943 வரைக்கும் இருந்துச்சு. 1885 செப்டம்பர் 2, வயோமிங்ல ராக் ஸ்பிரிங்ஸ்ல, யூனியன் பசிபிக்கோட நிலக்கரிச் சுரங்கத்துல கம்மி கூலிக்கு வர்றாங்கன்ற ஆத்திரத்துல வெள்ளைக்காரத் தொழிலாளிங்க சீனர் குடியிருப்பைக் கொளுத்தி குறைஞ்சது 28 பேரைக் கொன்னாங்க. ஒருத்தருக்கும் தண்டனை இல்ல. கூலியைக் குறைச்சது கம்பெனி, அடி விழுந்தது பக்கத்துல நின்னு வெட்டினவன் மேல.

வளர்ச்சி பொய்யான்னு கேட்டா, இல்லவே இல்ல. 1860ல சுமார் 30,000 மைல் இருந்த ரயில் பாதை 1900ல 1,90,000 மைலைத் தாண்டிடுச்சு. அவ்வளவு தண்டவாளத்துக்கும் ஸ்டீல் வேணும், அதுதான் ஸ்டீல் முதலாளி கார்னகியை கார்னகி ஆக்குச்சு, 1875ல பிராடக்ல திறந்த ஆலைக்கு அவர் வெச்ச பேரே பென்சில்வேனியா ரயில்வே தலைவரா இருந்த எட்கர் தாம்சன் பேர்தான், பெரிய கஸ்டமர் பாருங்க. கடிகாரத்தைக்கூட ரயில் கம்பெனிங்கதான் மாத்தினாங்க, 1883 நவம்பர் 18 அன்னிக்கு ஊருக்கு ஒரு நேரம்னு இருந்ததை நாலு மண்டலமா ஆக்கிட்டாங்க, அதுக்கு காங்கிரஸ் சட்டம் போட்டது 1918ல.

ஆனா இந்தப் பாதையில பாதி கடன்ல போட்டது. 1873 செப்டம்பர்ல நார்தர்ன் பசிபிக் ரயில்வேயோட கடன் பத்திரத்தை விக்க முடியாம ஜே குக் பேங்க் கவுந்துச்சு, அதோட நாடே கவுந்துச்சு, வருஷக் கணக்குல மந்தம். ரயில் கம்பெனிங்க சம்பளத்தை வெட்டிட்டே வந்தாங்க. 1877 ஜூலை 16, பால்டிமோர் அண்ட் ஒஹையோ கம்பெனி இன்னொரு 10 சதவீதம் வெட்டின அன்னிக்கு, மேற்கு வர்ஜீனியா மார்ட்டின்ஸ்பர்க் ஸ்டேஷன்ல பிரேக்மேனும், எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடற ஃபயர்மேனும் சேர்ந்து ஒரு காரியம் பண்ணாங்க. தினமும் விரலைப் பணயம் வெச்சு மாட்டின அதே கப்ளிங் ஆணியைக் கழட்டி, எஞ்சினை எல்லாம் ஷெட்டுல கொண்டு போய் விட்டுட்டு, வெட்டின சம்பளத்தைக் குடுக்கிற வரைக்கும் வண்டி நகராதுன்னு சொல்லிட்டாங்க. எந்த சங்கமும் கூப்பிடல, எந்தத் தலைவரும் வரல, தந்தி கம்பி வழியா செய்தி போச்சு, ஊர் ஊரா வண்டி நின்னுச்சு.

பிட்ஸ்பர்க்ல உள்ளூர் படையைக் கூப்பிட்டா அவங்க சுட மாட்டேங்கிறாங்க, எதிர்ல நிக்கிறது அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுக்காரன். அதனால ஃபிலடெல்ஃபியாவுல இருந்து ஆளைக் கொண்டு வந்து ஜூலை 21 அன்னிக்கு சுட வெச்சாங்க, சுமார் 20 பேர் செத்தாங்க, குழந்தைகளும் உண்டு. அன்னிக்கு ராத்திரி ஊரே திரண்டு ரயில் யார்டைக் கொளுத்துச்சு, 104 எஞ்சின், ஆயிரத்துக்கும் மேல பெட்டிங்க. செயின்ட் லூயிஸ்ல மட்டும் வேற ஒண்ணு நடந்துச்சு. வேலைநிறுத்தக் கூட்டத்துல படகுத்துறையில வேலை பார்க்கிற ஒரு கறுப்பினத் தொழிலாளி எழுந்து, நிறம் பார்க்காம எங்க கூட நிப்பீங்களான்னு கேட்டார், நிப்போம்னு கூட்டம் கத்துச்சு. கொஞ்ச நாள்தான், ஆனா நின்னாங்க.

ஜனாதிபதி ஹேய்ஸ் ராணுவத்தை அனுப்பினார். இதே ஹேய்ஸ்தான் அந்த ஏப்ரல்ல, தெற்குல கறுப்பின மக்கள் ஓட்டுப் போட்டு வந்த அரசாங்கங்களுக்குக் காவலா நின்ன சிப்பாய்களை லூசியானா, தென் கரோலினா சட்டசபைகள்ல இருந்து வாபஸ் வாங்கினவர். ஏப்ரல்ல அங்க தேவையில்லாத ராணுவம் ஜூலையில ரயிலுக்குத் தேவைப்பட்டுச்சு. நாடு முழுக்க சுமார் 100 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் பெரிய நகரங்கள்ல கோட்டை மாதிரி ஆயுதக் கிடங்கு கட்டி வைக்க ஆரம்பிச்சாங்க.

பிரேக்மேனுக்கு நியாயம் வந்தது 1893ல. லோரன்சோ காஃபின்னு அயோவா விவசாயி ஒருத்தர், கண்ணு முன்னாடி ஒரு பிரேக்மேனோட விரல் நசுங்கினதைப் பார்த்துட்டு, அதுக்கப்புறம் பல வருஷம் கூட்டம் கூட்டமா, ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினார். தானா மாட்டுற கப்ளிங்கும் ஏர் பிரேக்கும் கட்டாயம்னு மார்ச் 2 அன்னிக்கு சட்டம் வந்துச்சு, அதுலயும் கம்பெனிகளுக்கு வருஷக் கணக்குல டைம் குடுத்தாங்க. ஒரு பத்தாண்டுக்குள்ள கப்ளிங்ல சாகறது பயங்கரமா குறைஞ்சுடுச்சு. அப்படின்னா அதுக்கு முன்னாடி போன உயிருங்க?

அதே 1893ல இன்னொரு பொருளாதார சரிவு. ஜார்ஜ் புல்மன், படுக்கை வசதி ரயில் பெட்டி செய்யறவர், சிகாகோ பக்கத்துல தொழிலாளிங்களுக்குன்னு தன் பேர்லயே ஒரு ஊரே கட்டியிருந்தார். வீடு, கடை, லைப்ரரி, சர்ச் எல்லாம் கம்பெனி சொத்து, புல்மன் வீட்டுல பொறந்து, புல்மன் பள்ளிக்கூடத்துல படிச்சு, செத்தா புல்மன் நரகத்துக்குப் போவோம்னு அங்க இருக்கிறவங்க சொல்வாங்களாம். சரிவு வந்ததும் சம்பளத்தை சராசரியா 25 சதவீதம் வெட்டினார், வாடகையில ஒரு சென்ட் குறைக்கல, பங்குதாரருக்கு 8 சதவீத டிவிடெண்டும் குறையல.

ஜென்னி கர்டிஸ்னு ஒரு பொண்ணு, அங்க தையல் பிரிவுல வேலை. பின்னாடி அரசாங்க விசாரணைக் கமிஷன் முன்னாடி அவங்க சொன்னது பதிவுல இருக்கு. அப்பா பல வருஷம் புல்மன்ல உழைச்சவர், மூணு மாசம் படுத்த படுக்கையா இருந்து செத்துட்டார், சாகறப்போ வாடகை பாக்கி சுமார் 60 டாலர். பொண்ணு இங்கதான வேலை பார்க்கிற, நீ கட்டுன்னுட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒன்பது பத்து டாலர் வரும், சாப்பாட்டுக்கும் தங்கறதுக்கும் 7 டாலர் போகும், மிச்சம் ரெண்டு மூணு டாலரை அப்பாவோட பாக்கிக்குக் கட்டுவாங்க. புல்மன் தொழிலாளிங்க வேலைநிறுத்தத்துல இறங்கினப்பவும் 15 டாலர் பாக்கி.

யூஜின் டெப்ஸோட அமெரிக்கன் ரயில்வே யூனியன் இவங்க கதையைக் கேட்டுட்டு, 1894 ஜூன் 26ல இருந்து புல்மன் பெட்டி மாட்டின வண்டியைத் தொட மாட்டோம்னு முடிவெடுத்துச்சு. லட்சத்துக்கும் மேல ஆளுங்க, 27 மாநிலம். மத்திய அரசோட தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் ஓல்னி, அதுக்கு முன்னாடி ரயில் கம்பெனி வக்கீல். கம்பெனிங்க தபால் பெட்டியையும் புல்மன் பெட்டியையும் ஒரே வண்டியில மாட்டினாங்க, வண்டி நின்னா தபாலுக்கு இடைஞ்சல், தபாலுக்கு இடைஞ்சல்னா மத்திய அரசு வரலாம். பெரிய கம்பெனிகளோட ஏகபோகத்தை உடைக்கன்னு 1890ல போட்ட ஷெர்மன் சட்டத்தைத் தொழிலாளர் சங்கத்து மேல திருப்பி கோர்ட் தடை வாங்கினாங்க. இலினாய் கவர்னர் ஆல்ட்கெல்ட் நாங்க கேட்கவே இல்லையேன்னு கத்தினார், ஜனாதிபதி கிளீவ்லாந்து கேட்கல, சுதந்திர தினமான ஜூலை 4 அன்னிக்கு சிகாகோவுல ராணுவம் இறங்கியிருந்துச்சு. அதுக்கு ஆறு நாள் முன்னாடிதான் தொழிலாளர் தினத்தை தேசிய விடுமுறை ஆக்கி இதே கிளீவ்லாந்து கையெழுத்துப் போட்டிருந்தார். சுமார் 30 பேர் செத்தாங்க, டெப்ஸுக்கு ஆறு மாசம் ஜெயில், சங்கம் உடைஞ்சுது.

தோத்ததுக்கு ராணுவம், கோர்ட்னு வெளிக் காரணம் நிறைய இருக்கு. உள்ளயே ஒண்ணு இருந்துச்சு, எனக்கு ரொம்ப வலிக்கிறது அதுதான். புல்மன் பெட்டிக்குள்ள படுக்கை விரிச்சு, ஷூ துடைச்சு, ராத்திரி எல்லாம் முழிச்சிருந்தது கறுப்பின போர்ட்டருங்க. அதே 1894 ஜூன் மாநாட்டுல கறுப்பினத்தவரை சங்கத்துல சேர்க்கலாமான்னு ஓட்டெடுப்பு வந்துச்சு, சேர்க்கணும்னு டெப்ஸ் கெஞ்சினார். வேண்டாம்னு 112, சேர்க்கலாம்னு 100. அப்புறம் வேலைநிறுத்தம் பண்ணவங்க இடத்துக்கு கம்பெனி ஆள் எடுத்தப்போ, நம்ம நிறத்தைச் சொல்லி வெளிய நிறுத்தினவங்களுக்காக நாம ஏன் நிக்கணும்னு கறுப்பினத் தொழிலாளிங்க நினைச்சிருந்தா அதுல என்ன தப்பு சொல்ல முடியும்?

அந்த போர்ட்டருங்க கடைசியில தங்களுக்குன்னே 1925 ஆகஸ்ட் 25 அன்னிக்கு ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில சங்கம் ஆரம்பிச்சாங்க. புல்மன் கம்பெனி ஆளை வெச்சு வேவு பார்த்துச்சு, சங்கத்துல சேர்ந்தவனை வேலையை விட்டுத் தூக்குச்சு. 12 வருஷம் விடாம நின்னு, 1937ல, அதே ஆகஸ்ட் 25 அன்னிக்கு, கம்பெனி ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுச்சு. மாசம் 400 மணி நேரம் வேலை பார்த்துட்டு இருந்தவங்களுக்கு அது 240 மணி நேரம் ஆச்சு.